மாற்று முளைக்கும் வரை

மென்பொருள் லைப்ரரிக்கு எந்த உரிமம் என்பதைக் கொள்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. அக்கம்பக்கமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது

ஒரு கோப்பை நீட்டினால் அது படமா, பாட்டா, பிடிஎஃப்பா என்று சொல்ல வேண்டும். மைம்மேஜிக் என்ற சின்னஞ்சிறு லைப்ரரிக்கு இருந்த வேலை அவ்வளவுதான். ரூபி மொழியில் எழுதப்பட்டது. எம்ஐடி உரிமத்தில் கிடைத்தது; அதாவது, பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்திருந்தால் போதும், யாரும் எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம். 2021 மார்ச் கடைசி வாரத்தில் அதன் பழைய பதிப்புகள் திடீரென்று பொதுக் களஞ்சியத்திலிருந்து காணாமல் போயின. கோப்பு வகைகளை அடையாளம் காண அது வைத்திருந்த பட்டியல் வேறொரு திட்டத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அந்தத் திட்டம் இருந்ததோ ஜிபிஎல் உரிமத்தில். உள்ளே ஜிபிஎல் பொருளை வைத்துக்கொண்டு வாசலில் எம்ஐடி என்று பலகை மாட்ட முடியாது. இது சுட்டிக்காட்டப்பட்டதும் பராமரிப்பவர் பழையவற்றை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பை ஜிபிஎல்லுக்கு மாற்றினார். மைம்மேஜிக்கைப் பலர் நேராகப் பயன்படுத்தவில்லை. ஆனால் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற பெரிய கட்டமைப்பு, இடையில் இன்னொரு லைப்ரரி வழியாக, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. ரெயில்ஸில் செய்த செயலிகளைப் புதிதாக நிறுவப் போனவர்களுக்கு, மைம்மேஜிக் என்ற பெயரையே கேள்விப்படாதவர்களுக்கு, வேலை நின்றுபோனது.

ரெயில்ஸ் குழு அதற்குப் பிறகு செய்தது கவனிக்கத்தக்கது. அது ஜிபிஎல்லுக்கு மாறவில்லை. மார்ச் 26-ஆம் தேதியே மைம்மேஜிக் இல்லாத புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டது. அப்பாச்சி டீக்கா என்ற வேறொரு திட்டத்தின் கோப்புப் பட்டியல் அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. மைம்மேஜிக்கும் பிற்பாடு அந்தப் பட்டியலைத் தன்னுள் சுமக்காமல், கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் படித்துக்கொள்ளும்படி மாற்றப்பட்டு எம்ஐடிக்கே திரும்பியது. ஆக, உலகிலேயே கண்டிப்பான உரிமங்களில் ஒன்று ஒரு பெரிய கட்டமைப்பின் அடியில் வந்து நின்றபோது, அதனால் ஓரிரு நாள் சங்கடத்துக்கு மேல் எதையும் பெற முடியவில்லை. மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததுதான் காரணம். ஒரு லைப்ரரியின் உரிமம் பிறரிடமிருந்து என்ன வாங்கித் தரும் என்பதை, அந்த லைப்ரரிக்கு மாற்று எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்பதே தீர்மானிக்கிறது. உரிமத்தின் வாசகம் எத்தனை இறுக்கமானது என்பது அதற்கு அடுத்த கேள்வி. உரிமம் தேர்வதைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைக்கிறது. கவிதைக்கும் கணக்கு மென்பொருளுக்கும் ஒரே பாய். எழுதிய கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. இதன் மறுபக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை. உரிமம் எதுவும் குறிப்பிடாமல் இணையத்தில் போட்ட நிரலை மற்றவர்கள் படித்துப் பார்க்கலாமே தவிர, எடுத்துத் தங்கள் நிரலில் சேர்க்கச் சட்டப்படி அனுமதி கிடையாது. பொதுவில் கிடக்கிறது என்பதால் அது பொதுச்சொத்தாகிவிடாது. அந்த அனுமதியை எழுதித் தரும் தாள்தான் உரிமம். புழக்கத்தில் உள்ளவற்றை மூன்று குடும்பங்களாகப் பார்க்கலாம். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்றவை தாராளமானவை. எடுத்தவர் தன் மாற்றங்களை மூடி வைத்துக்கொண்டு விற்கலாம். ஜிபிஎல் எதிர்முனை, அதைச் சேர்த்துச் செய்த மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் முழு மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். காப்பிலெஃப்ட் என்று இதற்குப் பெயர். இடையில் எல்ஜிபிஎல், எம்பிஎல் என்ற நடுவழிகள் உண்டு. இவை வெறும் காகிதங்கள், நீதிமன்றத்தில் நிற்காது என்று ஒரு காலத்தில் பேசப்பட்டது. பொம்மை ரயில்களை இயக்கும் மென்பொருள் ஒன்றை வைத்து அமெரிக்காவில் நடந்த ஜேக்கப்சன் எதிர் காட்ஸர் வழக்கில் 2008-இல் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. திறமூல உரிமத்தின் நிபந்தனைகளை மீறினால் அது பதிப்புரிமை மீறலே என்றது அந்தத் தீர்ப்பு.

இனி லைப்ரரிக்கு வருவோம். அந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். மென்பொருள் லைப்ரரியோ எடுத்தவரின் நிரலோடு கலந்து, அதோடு சேர்ந்தே ஊர் ஊராகப் போகிறது. அரைத்து வைத்த மாவை வாங்கி இட்லிக் கடை நடத்துபவரை நினைத்துக்கொள்ளுங்கள். மாவோடு ஒரு நிபந்தனை வந்தால், அது இட்லியோடு நிற்குமா, சட்னிக்கும் சாம்பாருக்கும் பாயுமா என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். முழு மென்பொருளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருள் ஜிபிஎல்லில் இருக்கிறது. அதில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவருக்கு அதனால் எந்தக் கடமையும் இல்லை, பத்திரிகை அவருடையது. லைப்ரரியைப் பயன்படுத்துபவர் இன்னொரு நிரலர். அவர் அதைத் தன் நிரலோடு சேர்த்து வெளியிட்டே ஆக வேண்டும். ஜிபிஎல்லின் கடமைகள் கண் விழிப்பதும் வெளியிடும் அந்த இடத்தில்தான். லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல்லில் இருந்தும் அதன்மேல் மூடிய மென்பொருள்கள் ஓட முடிகிறது. கெர்னலின் சேவைகளை வழக்கமான அழைப்புகள் வழியாகப் பயன்படுத்தும் செயலிகளுக்கு ஜிபிஎல் பொருந்தாது என்று அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உரிமத்தின் தலைப்பிலேயே தனியாக எழுதிவைத்ததுதான் அதற்கு வழி. சன் நிறுவனம் ஜாவாவை ஜிபிஎல்லில் திறந்தபோது அதன் லைப்ரரிகளுக்கும் இதே போன்ற விலக்கு ஒன்றைச் சேர்த்தது. காப்பிலெஃப்ட்டின் பெரிய வெற்றிகள் என்று காட்டப்படும் இவை இரண்டிலும், பிறருடைய நிரலைத் தொடும் எல்லையில் மட்டும் வேலியைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

வேலியைத் திறக்காமல் வென்ற லைப்ரரியும் உண்டு. அதன் கதையை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும்போது, மேல்நோக்கிய அம்பை அழுத்தினால் முந்தைய கட்டளை திரும்பி வரும். அந்த வசதியைத் தரும் ரீட்லைன் என்ற லைப்ரரியை க்னூ திட்டம் வேண்டுமென்றே முழு ஜிபிஎல்லில் வைத்தது. 1992-இல் சிலிஸ்ப் என்ற லிஸ்ப் மொழிச் செயலியை எழுதிய புரூனோ ஹைபிளுக்கும் க்னூ திட்டத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கும் இதுபற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்தது. ரீட்லைனைத் தனியாக விட்டுவிட்டு, அதன் இடத்தில் ஒன்றும் செய்யாத போலி லைப்ரரி ஒன்றை வைத்து சிலிஸ்பைத் தன் விருப்பப்படியான உரிமத்தில் கொடுக்க முடியாதா என்று பார்த்தார் ஹைபிள். இணைத்துப் பயன்படுத்துவதே நோக்கம் என்றால் இரண்டும் சேர்ந்து ஒரே படைப்புதான் என்றார் ஸ்டால்மன். முடிவில் சிலிஸ்ப் ஜிபிஎல்லுக்கு வந்தது. இந்த வெற்றியைச் சுட்டிக்காட்டித்தான், அடுத்த லைப்ரரிக்கு எல்ஜிபிஎல் வேண்டாம், ஜிபிஎல்லையே பாருங்கள் என்று 1999-இல் ஸ்டால்மன் எழுதினார். அதே ஆண்டில் லைப்ரரி ஜிபிஎல் என்றிருந்த உரிமத்தின் பெயர் லெஸ்ஸர் ஜிபிஎல் என்று மாறியது. லைப்ரரி என்றாலே இதைத்தான் போட வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம்.

ஆனால் ரீட்லைனின் கதை 1992-இல் முடியவில்லை. பிஎஸ்டி உலகத்தில் லிப்எடிட் என்ற மாற்று வளர்ந்தது. ரீட்லைனை அழைப்பது போலவே அதையும் அழைக்கலாம். ஆப்பிள் தன் மேக் கணினிகளில் அதைத்தான் வைத்தது. சிலிஸ்ப் கிடைத்தது உண்மை. அதைப் போல வரிசையாக வந்துகொண்டே இருக்கவில்லை என்பதும் உண்மை. ஜிசிசி கம்பைலரிலும் இதே ஓட்டம் தெரிகிறது. அது ஜிபிஎல்லின் 3-ஆம் பதிப்புக்கு மாறிய பின் ஆப்பிள் பழைய 4.2-லேயே நின்றுகொண்டு, தாராள உரிமத்தில் இருந்த எல்எல்விஎம், கிளாங் என்ற கம்பைலர் திட்டங்களின் பக்கம் தன் ஆட்களையும் பணத்தையும் திருப்பியது. உரிமம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பிற கருவிகளுக்குள் துண்டுதுண்டாகச் செருகக்கூடிய கம்பைலரும் அவர்களுக்குத் தேவையாக இருந்தது. ஆனால் ஜிசிசி அப்படித் துண்டுகளாகப் பிரிக்க முடியாதபடி இருந்ததற்கே, மூடிய மென்பொருள்கள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது என்ற எண்ணமும் ஒரு காரணம். பூட்டு இருந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வீடு எழும்பிவிட்டது. இப்போது அங்கேதான் கூட்டம்.

வியப்பு என்னவென்றால், இந்தக் கணக்கை ஸ்டால்மனே நன்றாக அறிந்திருந்தார். க்னூ சி லைப்ரரியை, அதாவது லினக்ஸ் கணினியில் ஏறத்தாழ எல்லா நிரலும் சாய்ந்து நிற்கும் தூணை, அவர் ஜிபிஎல்லில் வைக்கவில்லை, எல்ஜிபிஎல்லில் வைத்தார். அதை ஜிபிஎல்லில் வைத்தால் மூடிய மென்பொருள் எழுதுபவர்கள் வேறு சி லைப்ரரிக்குப் போய்விடுவார்கள், நமக்கு ஒன்றும் கிடைக்காது என்பது 1999 கட்டுரையிலேயே அவர் சொன்ன காரணம். 2001-இல் ஆக் வார்பிஸ் என்ற ஒலி வடிவத்தின் லைப்ரரி எல்ஜிபிஎல்லிலிருந்து பிஎஸ்டி வகை உரிமத்துக்கு மாறியபோது அதையும் அவர் ஆதரித்தார். எம்பி3 பேட்டன்ட்களின் பிடியில் இருந்தது. அதற்குப் போட்டியாக ஒரு கட்டற்ற வடிவம் பரவ வேண்டுமானால் ஒவ்வொரு பாட்டுப் பெட்டிக்குள்ளும் அது நுழைய வேண்டும். ஆகவே, கொள்கையில் மிகக் கண்டிப்பானவர் என்று பேரெடுத்த மனிதரே லைப்ரரிக்கு லைப்ரரி வேறு விடை சொல்லியிருக்கிறார். அவர் ஒவ்வொரு தடவையும் பார்த்தது ஒன்றைத்தான்: இதற்கு மாற்று இருக்கிறதா? நான் அவரிடமிருந்து விலகும் இடம், மாற்று இல்லாத லைப்ரரி எத்தனை அபூர்வம் என்பதிலும், அந்த நிலை எத்தனை நாள் நீடிக்கும் என்பதிலும் மட்டுமே. எல்ஜிபிஎல்கூடச் சிலருக்குக் கசந்தது. ஆண்ட்ராய்டைக் கட்டிய கூகுள் க்னூ சி லைப்ரரியைத் தொடாமல், பிஎஸ்டி உரிமத்தில் பயோனிக் என்ற சொந்த சி லைப்ரரியை வைத்துக்கொண்டது. காசும் ஆளும் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ எதற்கும் மாற்று உண்டு.

இந்த ஓட்டத்தை ஒரே லைப்ரரியின் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமானால் கர்லைப் பார்க்கலாம். இணைய முகவரியைக் கொடுத்தால் அங்கிருப்பதைக் கொண்டுவந்து தரும் நிரல் அது. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் அதை முதலில் ஜிபிஎல்லில் வைத்திருந்தார். 1998 அக்டோபரில், மொத்த நிரல் சுமார் 4,000 வரியாக இருந்தபோது, காப்பிலெஃப்ட்டின் பிடியைக் குறைப்பதற்காக எம்பிஎல்லுக்கு மாற்றினார். 2000-இல் அதன் உட்பகுதி லிப்கர்ல் என்ற லைப்ரரியாகப் பிரிந்து வந்தது. உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து புகார். அன்றைய எம்பிஎல் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது என்பதால் ஜிபிஎல் திட்டங்கள் லிப்கர்லைச் சேர்க்க முடியவில்லை. 2001 ஜனவரியில் எம்ஐடியைச் சேர்த்தார், புகார் அடங்கியது. இன்று லிப்கர்ல் இல்லாத கைப்பேசியையோ, காரையோ, டிவியையோ காண்பது கடினம். தாராள உரிமம் என்றால் நிறுவனங்களுக்குச் செய்யும் சலுகை என்றே பேசுபவர்கள் இந்தக் கதையின் நடுப்பகுதியைக் கவனிக்க வேண்டும். கடைசி மாற்றத்துக்கு அழுத்தம் தந்தவர்கள் கட்டற்ற மென்பொருள்காரர்கள். தாராள உரிமம் அவர்களுக்கும் கதவைத் திறந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் நேர்மாறாக நடந்தது. விளம்பரங்களில் தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற ஒரு பழைய வரி அதன் உரிமத்தில் இருந்ததால், அது ஜிபிஎல்லோடு சேரவில்லை. பல ஜிபிஎல் திட்டங்கள் தனி விலக்கு எழுத வேண்டியிருந்தது. க்னூடிஎல்எஸ் என்று அதே வேலையைச் செய்யும் இன்னொரு லைப்ரரியும் வளர்ந்தது. தகவலை மறையாக்கம் செய்யும் நிரலில் வல்லவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். அவர்களின் உழைப்பு ஒரு விளம்பர வரியால் இரண்டாகப் பிரிந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பரவுவதே குறிக்கோள் என்றால் கட்டற்ற மென்பொருள் என்ற இயக்கமே எதற்கு? ஆங்கிலத்தில் சுதந்திரத்துக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல்லாக இருப்பதால் அங்கே இந்த விவாதம் எப்போதும் கொஞ்சம் குழம்பியே கிடக்கும். தமிழில் கட்டற்றது வேறு, இலவசம் வேறு. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. ஒருவர் கட்டற்று எழுதியதை இன்னொருவர் எடுத்து மூடிய பெட்டிக்குள் வைத்து விற்றால், கடைசியில் பயன்படுத்தும் மனிதருக்கு அந்தச் சுதந்திரம் போய்ச் சேரவில்லை. இது உண்மையான இழப்பு. இல்லை என்று மழுப்ப நான் தயாரில்லை. ஆனால் லைப்ரரியின் உரிமத்தால் அந்த இழப்பைத் தடுக்க முடியுமா என்பதே கேள்வி. மாற்று இருக்கும்போது கண்டிப்பான உரிமம் போட்டால், மூடிய மென்பொருள் மூடியதாகவே வேறொரு லைப்ரரியோடு வெளிவரும். அதன் பயனருக்கு அப்போதும் எதுவும் கிடைக்காது, லைப்ரரிக்கு மட்டும் ஒரு பயனரும், அவர் அனுப்பியிருக்கக்கூடிய பிழைத்திருத்தங்களும் போய்விடும். முழுமையான செயலிகளில் காப்பிலெஃப்ட் உறுதியாக நிற்கட்டும். அங்கே மாற்று உருவாக்குவது ஆண்டுக்கணக்கான வேலை. தமிழிலேயே இந்தப் பாகுபாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தமிழில் நிரல் எழுதக் கற்றுத்தரும் எழில் மொழி ஜிபிஎல்லில் இருக்க, அதோடு தொடர்புடையவர்கள் உருவாக்கிய, தமிழ் எழுத்துகளைப் பிரிக்கவும் வரிசைப்படுத்தவும் உதவும் ஓப்பன்-தமிழ் லைப்ரரி எம்ஐடியில் இருக்கிறது. எழுத்தைப் பிரிக்கத் தெரியாத செயலிகள் நிறைந்த உலகத்தில், தமிழைச் சரியாகக் கையாளும் நிரல் எவ்வளவு இடங்களில் நுழைகிறதோ அவ்வளவும் லாபம். அந்தத் தேர்வு எனக்குச் சரியாகவே படுகிறது.

அடுத்த மறுப்பு வயிற்றிலிருந்து வருவது. தாராள உரிமம் போட்டால் பெரிய நிறுவனங்கள் சுரண்டும், எழுதியவர் பட்டினி கிடப்பார். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, உலகின் வங்கிப் பரிமாற்றங்களையும் அஞ்சல்களையும் காத்துக்கொண்டிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்று தெரிய வந்தது. ஸ்டென்பெர்க்குக்கு 2022 ஜனவரியில் பெரிய நிறுவனம் ஒன்றிடமிருந்து கடிதம் வந்தது. லாக்4ஜே ஓட்டையால் உங்கள் பொருளுக்குப் பாதிப்பு உண்டா என்று பல கேள்விகள் கேட்டு, 24 மணி நேரத்துக்குள் பதில் தரச் சொன்ன கடிதம். பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்கள், பதில் சொல்கிறேன் என்றார் அவர். இந்த எரிச்சல் நியாயமானது. ஆனால் அதே 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் என்ற இன்னோர் ஓட்டை வந்தது. அது இருந்தது பாஷ் நிரலில், பாஷ் ஜிபிஎல். அதைப் பல ஆண்டுகளாகச் சம்பளமின்றி, பெரும்பாலும் தனியாளாகப் பராமரித்து வந்தவர் செட் ராமி; ரீட்லைனைப் பராமரிப்பவரும் அவரே. கண்டிப்பான உரிமமும் அவருக்குச் சம்பளம் வாங்கித் தரவில்லை. உரிமம் என்பது பயன்படுத்தும் அனுமதி. கூலி ஒப்பந்தம் அல்ல. ஜிபிஎல்லை வைத்துச் சம்பாதிக்கும் வழி ஒன்று உண்டுதான். எக்ஸ்264 என்ற காணொளிக் குறியாக்க லைப்ரரி ஜிபிஎல்லில் கிடைக்கிறது. அந்தக் கடமைகள் வேண்டாதவர்களுக்குத் தனியாக வணிக உரிமம் விற்கிறார்கள். அங்கும் பார்க்க வேண்டியது அதே கணக்கு. எக்ஸ்264-இன் தரத்துக்கு ஈடாக இன்னொன்றை எழுதுவது யாருக்கும் எளிதாக இல்லை, அதனால் காசு கொடுக்கிறார்கள். உங்கள் லைப்ரரி அந்த ரகமா என்பதை உங்களைவிட உங்கள் போட்டியாளரிடம் கேட்பது நல்லது.

சரி, இப்போது தாராளமாகப் போட்டுவிட்டு, பெயர் வந்த பிறகு இறுக்கிக்கொள்ளலாமே? இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ரெடிஸ் லைப்ரரி அல்ல, தரவுத்தளம். இருந்தாலும் பாடம் பொருந்தும். பிஎஸ்டியில் வளர்ந்த அதை 2024 மார்ச் 20 அன்று அதன் நிறுவனம் இறுக்கமான உரிமங்களுக்கு மாற்றியது. எட்டே நாளில், மார்ச் 28 அன்று, லினக்ஸ் அறக்கட்டளையின் குடையில் அமேசான், கூகுள், ஆரக்கிள் ஆதரவோடு வால்கீ என்ற கிளை அறிவிக்கப்பட்டது. பழைய பதிப்பின் பிஎஸ்டி அனுமதி திரும்பப் பெற முடியாதது. அதை எடுத்துக்கொண்டு அவர்கள் நடந்தார்கள். 2025 மே மாதம் ரெடிஸ் ஏஜிபிஎல் என்ற காப்பிலெஃப்ட் உரிமத்தைச் சேர்த்துத் திறமூலத்துக்குத் திரும்பியபோது வால்கீ தன் பாதையில் வெகுதூரம் போயிருந்தது. எதிர்த்திசையில் மாறுவதும் லேசல்ல. விஎல்சி காணொளி இயக்கி 2011 ஜனவரியில் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது; கடையின் விதிகளும் ஜிபிஎல்லும் முரண்படுகின்றன என்று அதன் நிரலர்களில் ஒருவரே புகார் செய்திருந்தார். பின்னர் விஎல்சியின் இயந்திரப் பகுதியை எல்ஜிபிஎல்லுக்கு மாற்றியபோது, ஆண்டுக்கணக்கில் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிவிட்டுப் போன பங்களிப்பாளர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் அந்த விளம்பர வரியைக் கைவிட்டு அப்பாச்சி 2.0-க்கு மாறும் வேலையை 2017-இல் பொதுவில் தொடங்கியது. புதிய உரிமத்தோடு 3.0 வெளிவந்தது 2021 செப்டம்பரில். கர்ல் இரண்டேகால் ஆண்டுக்குள் இரண்டு முறை மாற முடிந்ததென்றால், அப்போது அது கைக்கு அடக்கமாக இருந்ததால்தான். முதல் வெளியார் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளும் முன்புவரை உரிமம் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. பிறகு அது கூட்டுக் குடும்பத்துச் சொத்து. எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்படியானால் யோசிக்காமல் எம்ஐடியைப் போட்டுவிடலாமா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள். களஞ்சியத் தளங்கள் அதை ஒரு பொத்தான் தூரத்தில் வைத்திருப்பதும் காரணம். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. எம்ஐடி பேட்டன்ட் பற்றி வாயே திறப்பதில்லை. இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதை ரியாக்ட் என்ற லைப்ரரி காட்டியது. ஃபேஸ்புக் அதை பிஎஸ்டி உரிமத்தோடு தனி பேட்டன்ட் குறிப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்திருந்தது. எங்கள்மீது பேட்டன்ட் வழக்குப் போட்டால் உங்களுக்குத் தந்த பேட்டன்ட் அனுமதி ரத்து என்பது அதன் சாரம். 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அதைச் சேர்க்கத் தடை போட்டது. செப்டம்பரில் வேர்ட்பிரஸ் ரியாக்டைக் கைவிடப் போவதாக அறிவித்தது. ஒரு வாரம் கழிந்ததும் ஃபேஸ்புக் இறங்கிவந்து எம்ஐடிக்கு மாற்றியது. ஃபேஸ்புக் போன்ற யானையையே அக்கம்பக்கம் அசைக்க முடிந்தது என்பது என் வாதத்துக்கு வசதியான சாட்சி. ஆனால் தீர்வாக வந்த எம்ஐடியில் பேட்டன்ட் அனுமதி வெளிப்படையாக எழுதப்படவில்லை என்பதை அந்த ஆரவாரத்தில் பலர் கவனிக்கவில்லை. 2004-இல் வந்த அப்பாச்சி 2.0 அதை வெளிப்படையாகத் தருகிறது. ஆனால் அது ஜிபிஎல்லின் 2-ஆம் பதிப்போடு சேராது என்பது ஜிபிஎல்லை வெளியிடும் அறக்கட்டளையின் நிலைப்பாடு. ரஸ்ட் மொழிக்காரர்கள் இதற்குச் சாமர்த்தியமான வழி கண்டார்கள். எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று இரண்டையும் வைத்துவிடுகிறார்கள். தாராளமாகக் கொடுப்பது என்று முடிவெடுத்தவருக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. தன் லைப்ரரியில் செய்த திருத்தமாவது திரும்பி வர வேண்டும் என்று நினைப்பவருக்கு எம்பிஎல் 2.0 இருக்கிறது. என் கோப்பைத் திருத்தினால் அந்தக் கோப்பைக் கொடு, உன் கோப்புகள் உன்னுடையவை என்பது அதன் கணக்கு. மாவுக்கான நிபந்தனை சாம்பாருக்குப் பாயாது. கர்லைச் சங்கடப்படுத்திய ஜிபிஎல் முரண்பாட்டையும் 2012-இல் வந்த இந்தப் பதிப்பு பெரும்பாலும் தீர்த்துவிட்டது. இது இவ்வளவு குறைவாகத் தேர்ந்தெடுக்கப்படுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்தத் தேர்வுகள் எல்லாம், கொடுக்கும் பொருள் கொடுப்பவருடையது என்ற எண்ணத்தின்மேல் நிற்கின்றன. சென்னையிலோ கோவையிலோ வேலை பார்த்துக்கொண்டே லைப்ரரி எழுதுபவருக்கு அந்த இடமே வழுக்கலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேலையின் ஒரு பகுதியாக எழுதியவற்றுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் முதலாளிதான். வேலைக்குச் சேர்ந்த நாளில் கையெழுத்திட்ட தாள் இதைவிடவும் அகலமாக வலை வீசியிருக்கலாம். உரிமமே வேண்டாம், உலகத்துக்கே விட்டுவிடுகிறேன் என்பதும் நினைப்பது போல் எளிதல்ல. நம் சட்டத்தில் உரிமையைத் துறக்க 21-ஆம் பிரிவின்கீழ் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும், அல்லது பொது அறிவிப்பு தர வேண்டும். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள லைப்ரரி உலகில் மிக அதிகமாகப் புழங்கும் நிரல்களில் ஒன்று. நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் அது இருக்கிறது. உரிமம் எதுவும் இல்லாமல் பொதுவுடைமையாக விடப்பட்டது. அப்படி விடுவதற்காக அதை எழுதியவர்களும், அவர்கள் வேலை பார்த்த நிறுவனங்களின் பிரதிநிதிகளும் உறுதிமொழிப் பத்திரங்களில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்த அசல் தாள்கள் அதை நடத்தும் நிறுவனத்தின் அலுவலகத்தில், தீப்பிடிக்காத பெட்டகம் ஒன்றில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.